யார்னெல் ஹில் தீயும் ரேடியோ எல்லைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யார்னெல் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கிலிருந்து கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட் குழுவின் (ஹாட்ஷாட் என்றால் காட்டுத்தீயை அணைக்கச் சிறப்புப் பயிற்சி பெற்ற தரைக்குழு) கடைசி ரேடியோ செய்தி மாலை 4.42 மணியளவில் வந்தது. அதற்குப் பிறகு மேலே பறந்த விமானம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் இல்லை. 20 பேர் கொண்ட குழுவில் 19 பேர் இறந்துபோனார்கள். தீயைக் கண்காணிக்க வேறோர் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

இந்தத் தீயைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். காற்று எப்படித் திரும்பியது, புதர்க்காடு எவ்வளவு காய்ந்திருந்தது, பாதுகாப்பான கருகிய மேட்டை விட்டுக் குழு ஏன் கீழே இறங்கியது என்று எல்லாக் கேள்விகளும் அலசப்பட்டிருக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை. மாநில வனத்துறை அமைத்த விசாரணைக் குழு 2013 செப்டம்பர் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில் ரேடியோவைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. தீ நடந்த நாட்கள் முழுவதும் ரேடியோத் தொடர்பு சிரமமாகவே இருந்தது. சில ரேடியோக்களில் சரியான டோன், அதாவது குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி, பதிக்கப்படவில்லை. குழுக்கள் அதைக் கண்டுபிடித்து, மாற்று வழி செய்துகொண்டு பேசின. நெருக்கடியான நேரங்களில் ரேடியோவில் பேச்சு மிகுதியாக இருந்தது. அறிக்கை சொல்வதன் சாரம் இதுதான்.

டோன் பதியாததுதான் 19 உயிர்களைக் கொண்டுபோனது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால், அமெரிக்கக் காட்டுத்தீத் துறைகள் அலைவரிசைகளை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்ற பெரிய ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடு எங்கே பலமானது, எங்கே இற்றுப்போகிறது என்பதை யார்னெலைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு குறைவு.

அலைவரிசை ஏன் இடத்தோடு கட்டப்பட்டது

காட்டுத்தீ வேலையில் இன்றும் முதல் கருவி கைரேடியோதான். மலைக்காட்டில் செல்போன் கோபுரம் எட்டாது. அதனால் ஏறத்தாழ 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் அலைகளை நம்பித்தான் மேற்கு மாநிலங்கள் முழுவதும் வேலை நடக்கிறது. இதில் 162 முதல் 174 வரை பெரும்பாலும் மத்திய அரசுத் துறைகளுக்கு, அதற்குக் கீழே உள்ளது மாநில, உள்ளூர்த் துறைகளுக்கு. இரண்டையும் ஒதுக்கீடு செய்யும் அமைப்புகள் வேறு வேறு. ஒரே தீயில் தோளோடு தோள் நிற்கும் இருவரின் அலைவரிசைகள் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களின் பட்டியல்களிலிருந்து வந்திருக்கும்.

சேனல்கள் எண்ணிக்கையில் குறைவு, காடு மிகப் பெரியது. எனவே ஒரே அலைவரிசையைப் பல இடங்களில் திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதற்குக் கண்ட வழிதான் டிஸ்பாட்ச் எல்லை, அதாவது தீக்கு ஆளையும் வண்டியையும் அனுப்பும் ஒரு மையத்தின் பொறுப்பில் உள்ள பரப்பு. நாடு 10 புவியியல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒருங்கிணைப்பு மையம். அதன் கீழே பல உள்ளூர் டிஸ்பாட்ச் மையங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் தேசிய மையம். அரிசோனா தென்மேற்குப் பகுதியில் வருகிறது, அதன் ஒருங்கிணைப்பு மையம் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருக்கிறது.

உள்ளூர் டிஸ்பாட்ச் மையம் ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசைத் திட்டம் உண்டு. மலையுச்சிகளில் வைத்த ரிப்பீட்டர்கள் (குரலை வாங்கி மறுபடி பரப்பும் கருவிகள்) வழியாகத் தன் குழுக்களோடு பேச ஒரு வலை. தீயிடத்தில் ஆளுக்கு ஆள் நேரடியாகப் பேசச் சில தாக்குதல் சேனல்கள். தரையும் விமானமும் பேச முதல், இரண்டாம் என்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட சேனல்கள். விமானங்கள் தங்களுக்குள் பேச வேறு. அந்த எல்லைக்குள் ஒரு தீ புறப்பட்டால் யாரும் சேனல் தேடி அலைய வேண்டியதில்லை, முதல் வண்டி கிளம்பும்போதே எந்தச் சேனல் என்று தெரியும். இரண்டாவது தீ கிளம்பினால் இரண்டாம் சேனல். மூன்றாவது வந்தால் மேலிடத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

விமானச் சேனல்களை ஏன் இவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார்கள் என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். சமவெளியில் நிற்கும் மனிதன் கையில் வைத்திருக்கும் ரேடியோவுக்கு அடிவானம் 3 மைல் சுற்றுக்குள் முடிந்துவிடும். தரையிலிருந்து 10,000 அடி உயரத்தில் வட்டமிடும் விமானத்துக்கு ரேடியோ அடிவானம் சுமார் 140 மைல். அதாவது அந்த விமானம் தன் தீயை மட்டுமல்ல, பக்கத்து இரண்டு மூன்று டிஸ்பாட்ச் எல்லைகளில் அதே அலைவரிசையில் பேசுகிற எல்லோரையும் ஒருசேரக் கேட்கும். அதனால் தாக்குதல் சேனலை நெருங்கிய இடத்திலேயே மறுபடி பயன்படுத்தலாம். தரை-விமானச் சேனலை அப்படிப் பயன்படுத்தினால் இரண்டு தீக்களின் பேச்சும் ஒன்றாகக் குழம்பும்.

எல்லையே இல்லாத சேனல்களும் சில உண்டு. விமான அவசரத்துக்கான 168.625 மெகாஹெர்ட்ஸ் நாடு முழுவதற்கும் பொது. தேசியத் தாக்குதல் சேனல்கள் 168.050, 168.200 என்று ஒரு சிறு வரிசையாக இருக்கின்றன. இவை எல்லா ரேடியோவிலும் பதிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் பரபரப்பான கோடையில் எல்லோரும் இவற்றின் மீதே விழுந்தால் நெரிசல்தான்.

இந்த ஏற்பாட்டின் பின்னே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1970 செப்டம்பர், அக்டோபரில் தெற்குக் கலிபோர்னியாவில் 13 நாட்களில் 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. உதவிக்கு ஓடிவந்த துறைகளின் ரேடியோக்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஒவ்வொரு துறையும் வேறு வேறு குறியீட்டில் பேசியது. அதன் பிறகு உருவான ஃபயர்ஸ்கோப் திட்டத்திலிருந்துதான் இன்றைய நிகழ்வு நிர்வாக முறை பிறந்தது. குறியீடு வேண்டாம், சாதாரணச் சொற்களில் பேசு. எல்லோருக்கும் ஒரே ரேடியோத் திட்டத்தைத் தாளில் எழுதிக்கொடு என்பது அதன் அடிப்படை. அந்தத் தாளுக்கு ஐசிஎஸ் 205 என்று பெயர். எந்தச் சேனல், எந்த வேலைக்கு, அனுப்பும் அலைவரிசை என்ன, பெறும் அலைவரிசை என்ன, டோன் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். காட்டுத்தீயில் காலைக் கூட்டம் முடிந்து போகும் ஒவ்வொரு குழுத் தலைவரின் சட்டைப்பையிலும் அது இருக்க வேண்டும்.

டோன் என்பது என்ன செய்கிறது

விசாரணை அறிக்கையின் அந்தச் சில வரிகளைப் புரிந்துகொள்ள இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நாம் ரேடியோவில் பேசும்போது குரலோடு சேர்த்துக் கேட்பவர் காதில் விழாத ஒரு தாழ்ந்த ஒலியையும் அனுப்ப முடியும். 67 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 254 ஹெர்ட்ஸ் வரை, நிர்ணயித்த சில எண்களில் அது இருக்கும். மலையுச்சியில் உள்ள ரிப்பீட்டர் தனக்கு உரிய டோன் வந்தால் மட்டுமே விழித்துக்கொண்டு குரலை மறு ஒலிபரப்பு செய்யும். தெரிந்த தட்டு கேட்டால் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. இதனால் ஒரே அலைவரிசையில் ஐந்தாறு ரிப்பீட்டர்களை வெவ்வேறு மலைகளில் வைத்து, டோனை மாற்றி மாற்றி வேண்டிய மலையை மட்டும் எழுப்பலாம். கலிபோர்னியாவில் இந்த டோன்களுக்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள்: டோன் 1 என்றால் 110.9, டோன் 2 என்றால் 123.0, டோன் 3 என்றால் 131.8. டிஸ்பாட்சர் சேனல் பெயரையும் டோன் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் போதும், வண்டியில் இருப்பவர் குமிழைத் திருப்பிக்கொள்வார். வேறு ஒரு மாநிலத்திலிருந்து உதவிக்கு வந்தவருடைய ரேடியோவில் மூன்றாம் இடத்தில் வேறு எண் உட்கார்ந்திருந்தால்? அலைவரிசை சரியாக இருந்தும் மலை எழுந்திருக்காது.

டோனைப் பெறும் பக்கத்திலும் வைக்கலாம். அப்படி வைத்தால் அந்த டோனோடு வருகிற பேச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கும், மற்றதெல்லாம் அடைபட்டுவிடும். பக்கத்து எல்லையின் இரைச்சல் தொல்லை தராமல் இருக்க இது நல்ல வழி. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அனுப்புபவர் டோன் இல்லாமல் பேசினால், பெறுபவரின் ரேடியோ எதுவும் நடக்காதது போல இருக்கும். விளக்கு மட்டும் ஒருவேளை மினுங்கும். பெறுபவருக்கு யாரும் பேசவில்லை என்று தோன்றும். அனுப்பியவருக்கோ தான் பேசியாகிவிட்டது என்று தோன்றும். இரண்டு பக்கமும் குறை தெரியாது. வேறு எந்தக் கருவிக் கோளாறும் இவ்வளவு மறைவாக இருப்பதில்லை. பம்பு ஓடவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும். சங்கிலிவாள் கிளம்பவில்லை என்றால் கைக்குத் தெரியும். டோன் தவறிய ரேடியோவும் வேலையில்லாத நேரத்து ரேடியோவும் ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லையை மையமாக வைத்த அலைவரிசை ஏற்பாட்டின் மிக மெல்லிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லைக்குள் பிறந்து வளர்ந்த குழுக்களுக்கு எல்லாம் ஏற்கெனவே பதிந்திருக்கும். எல்லையைத் தாண்டி வருகிற குழுவுக்கு ஒவ்வொரு தீயிலும் முதலிலிருந்து பதிய வேண்டும்.

தீயிடத்தில் பதிவது

காட்டுத்தீக் குழுக்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பெண்டிக்ஸ் கிங் வகை ரேடியோக்களுக்கு இந்தத் துறையில் இவ்வளவு மதிப்பு கிடைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கணினி இல்லாமல் விசைப்பலகையிலேயே சேனலைப் பதிய முடியும் என்பது. அவசரத்தில் அதைவிட வேகமான வழி, ஒரு கம்பியால் இரண்டு ரேடியோக்களை இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முழுத் தொகுப்பையும் நகலெடுப்பது. காலையில் முகாமுக்குள் நுழைந்தால் வண்டி மூடியின் மேல் ரேடியோக்களை வரிசையாக வைத்து நகலெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நகலெடுப்பதில் இரண்டு வில்லங்கங்கள். மூல ரேடியோவில் ஒரு டோன் தவறாக இருந்தால் அந்தத் தவறு நகலெடுத்த எல்லா ரேடியோவுக்கும் போகும். எல்லோருக்கும் ஒரே தவறு இருக்கும்போது அவர்களுக்குள் பேச்சு நன்றாகவே கேட்கும், வேறு வழியாகப் பதிந்துகொண்டு வந்த இன்னொரு குழுவோடுதான் அறுந்துபோகும். இரண்டாவது, எல்லா மாதிரியும் எல்லா மாதிரியோடும் நகலாகாது. பழையதும் புதியதும் கலந்த குழுவில் சிலர் கையால்தான் பதிய வேண்டும். கையால் பதியும்போது எண்கள் நீளமானவை, நேரம் குறைவு, தூக்கமும் குறைவு.

யார்னெல் தீக்கு ஆறு மாதம் முன்புதான், 2013 ஜனவரி 1க்குள், மாநில, உள்ளூர்த் துறைகள் தங்கள் விஎச்எஃப் ரேடியோக்களையெல்லாம் குறுகிய அலைப்பட்டைக்கு (ஒரு சேனல் முன்பைவிடக் குறைந்த அகலத்தில் இயங்கும் முறைக்கு) மாற்றி முடித்திருக்க வேண்டும் என்ற கெடு முடிந்திருந்தது. மத்தியத் துறைகளுக்கு அந்தக் கெடு 2005லேயே முடிந்துவிட்டது. இதற்கும் யார்னெலில் நடந்ததற்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் காட்டப்போவதில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் கோடைக்குள் போகும்போது நாடு முழுவதும் ரேடியோக்கள் திறந்து திருத்தப்பட்டிருந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாட்கள்

ஜூன் 28, வெள்ளிக்கிழமை மாலை யார்னெலுக்கு மேற்கே வீவர் மலைத்தொடரின் உச்சியில் மின்னல் விழுந்தது. பாறையும் புதரும் நிறைந்த இடம், வண்டி போகாது. முதலில் தீ சிறியதாக இருந்ததால் இரவில் ஆளை ஏற்றவில்லை. பொறுப்பு மாநில வனத்துறையிடம் இருந்தது, ஆள், விமானக் கோரிக்கைகள் ஃபீனிக்ஸில் இருந்த அரிசோனா டிஸ்பாட்ச் மையம் வழியாகப் போயின. சனிக்கிழமை பிற்பகலில் தீ தன்னைச் சுற்றியிருந்த தடுப்பு எல்லையைத் தாண்டியது. அன்றிரவு பெரிய குழுக்களுக்கு ஆர்டர் போனது. ஞாயிறு காலை, கட்டுப்பாடு ஒரு பெரிய நிர்வாகக் குழுவின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

இந்த மாற்ற நேரம் ரேடியோவுக்கு மிக மோசமான நேரம். முதல்நாள் தீ சிறியதாக இருந்தபோது உள்ளூர்த் திட்டத்தின் சேனல்கள் போதும். தீ பெரிதானதும் அந்தச் சேனல்களை விட்டுத் தனிச் சேனல்களுக்கு நகர வேண்டும். அவற்றை உள்ளூர் மையம், பகுதி மையம் என்று படியேறிப் பாய்ஸியில் பணியிலிருக்கும் தொடர்பு அலுவலரிடம் கேட்டுப் பெற வேண்டும். பாய்ஸியில்தான் தேசிய ரேடியோக் கிடங்கும் இருக்கிறது; அங்கிருந்து ரிப்பீட்டரும் கைரேடியோக்களும் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். பெட்டி வந்து, தொடர்புப் பிரிவுத் தலைவர் மலையில் ரிப்பீட்டரை நட்டு, புதிய 205 தாளை எழுதி, எல்லோரும் பதிந்து முடிக்க ஒரு நாளாவது ஆகும். யார்னெலில் அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. அதிகாலையிலும் காலையிலும் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அப்படியே மலையேறினார்கள்.

கிரானைட் மவுண்டன் குழு பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தது. ஒரு நகரத் துறை ஹாட்ஷாட் குழு நடத்துவது அரிது. மற்ற ஹாட்ஷாட் குழுக்களில் பெரும்பாலானவை மத்தியத் துறைகளுடையவை. தங்கள் ஊரில் அவர்களுக்கு நகரத்தின் ரேடியோ. ஊரைச் சுற்றிய தேசிய வனத்தில் வேலை என்றால் வன டிஸ்பாட்சின் திட்டம். ஜூன் 18 அன்று பிரெஸ்காட் வனத்தில் பிடித்த டோசி தீயில் அவர்கள் வேலை செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் யார்னெல், அங்கே மாநிலத்தின் திட்டம். பிரெஸ்காட்டுக்கும் யார்னெலுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை, ஆனால் ரேடியோக் கணக்கில் அது வேறு எல்லை. ஒரு கோடையில் இப்படிப் பல எல்லைகளைத் தாண்டுவதுதான் ஹாட்ஷாட் குழுவின் வாழ்க்கை.

டோன் பதியாத ரேடியோக்கள் இந்தப் பின்னணியில்தான் வருகின்றன. யாரும் அசட்டையாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. குழுக்கள் கோளாறைத் தாமே கண்டுபிடித்து, வழி செய்துகொண்டார்கள் என்று அறிக்கை சொல்வது அவர்களின் அனுபவத்துக்குச் சான்று. அதேசமயம், கோளாறு முதல் முகாமிலேயே பிடிபடாமல் வேலைக்கு நடுவே பிடிபட்டது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பிற்பகல்

பகல் முழுவதும் தீ வடகிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில், இடிமேகத்திலிருந்து காற்று கொட்டப்போகிறது, திசை முற்றிலும் மாறும் என்ற வானிலை எச்சரிக்கை வந்து, ரேடியோவில் அறிவிக்கப்பட்டது. கிரானைட் மவுண்டன் குழு அப்போது மேற்குப் பக்க மேட்டில், ஏற்கெனவே எரிந்து கருகிய பாதுகாப்பான இடத்தில் இருந்தது. குழுத் தலைவர் எரிக் மார்ஷ் அன்று அந்தப் பிரிவு முழுவதற்கும் மேற்பார்வையாளராக இருந்தார். குழுவை நேரடியாக நடத்தியவர் கேப்டன் ஜெஸ்ஸி ஸ்டீட்.

அங்கேயே இருப்பதா, நகர்வதா என்று இருவரும் குழுவின் சொந்த அலைவரிசையில் பேசினார்கள். ஒவ்வொரு ஹாட்ஷாட் குழுவும் தங்களுக்குள் பேச ஒரு தனிச் சேனல் வைத்திருக்கும். அது நல்ல பழக்கம்தான், இருபது பேரின் சில்லறைப் பேச்சு பொதுச் சேனலை அடைக்காது. ஆனால் அந்தச் சேனலை வைத்திருக்காதவர்களுக்கு அந்த உரையாடல் எட்டாது. கட்டுப்பாட்டு அறைக்கும் விமானத்துக்கும் அது தெரிய வேண்டுமானால் யாராவது பொதுச் சேனலில் திரும்பச் சொல்ல வேண்டும்.

4 மணிக்குச் சற்று முன்பு, தீயின் மேல் பறந்து விமானங்களை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த அலுவலர் கிளம்ப வேண்டியிருந்தது. அவருடைய வேலை இன்னொரு விமானத்துக்கு மாற்றப்பட்டது. ரேடியோவில் பிராவோ 33 என்று அழைக்கப்பட்ட அந்த விமானம், ஏற்கெனவே தீத்தடுப்பு மருந்து கொட்டும் பெரிய விமானங்களுக்கு முன்னால் பறந்து வழிகாட்டும் வேலையிலும் இருந்தது. அப்படி இரண்டு வேலையும் ஒரே விமானத்தின் தலையில் விழுந்தன. கீழே ஊரில் வீடுகளைக் காலி செய்யும் பரபரப்பு. ரேடியோ அடைபட்டிருந்தது.

4.04 மணியிலிருந்து 4.37 மணி வரை, 33 நிமிடங்கள், குழுவிடமிருந்து உறுதிசெய்யத்தக்க எந்தத் தொடர்பையும் விசாரணைக் குழுவால் காட்ட முடியவில்லை. அந்த நேரத்தில்தான் அவர்கள் மேட்டை விட்டு, தென்கிழக்கே போல்டர் ஸ்பிரிங்ஸ் பண்ணையை நோக்கி இறங்கினார்கள். தீயிடத்தில் இருந்த மற்றவர்கள், குழு கருகிய இடத்திலேயே இருக்கிறது அல்லது கருகிய இடம் வழியாக நகர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

4.39 மணிக்கு ஸ்டீடின் குரல் தரை-விமானச் சேனலில் குறுக்கே வந்தது. அரிசோனா 16 என்று அந்தச் சேனலைப் பெயர் சொல்லியே அழைத்தார். தாங்கள் தீமுகத்துக்கு முன்னால் இருப்பதாகச் சொன்னார். முதலில் அது யார், எங்கிருந்து என்று கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. பின்னணியில் இரைச்சல், மேலும் மேலும் அழைப்புகள். குழு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது என்ற எண்ணமும் புரிதலைத் தாமதப்படுத்தியது. விமானத்துக்கும் குழுவுக்கும் இடையே தெளிவான பேச்சு ஏற்பட்டபோது, தப்பிக்கும் வழி அடைபட்டுவிட்டது, தீக்கூடாரங்களை (கடைசி நேரத்தில் உள்ளே படுத்துக்கொள்ளும், வெப்பம் தடுக்கும் மடிப்புக் கூடாரங்களை) விரிக்கப் போகிறோம் என்று மார்ஷ் தெரிவித்தார். மருந்து நிரப்பிய டிசி-10 விமானம் ஒன்று மேலேயே காத்திருந்தது. எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

ரேடியோவின் பங்கை எப்படி எடைபோடுவது

விசாரணை அறிக்கை யாரிடமும் அலட்சியமோ விதிமீறலோ காணவில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை வேறு முடிவுக்கு வந்து, மாநில வனத்துறைக்கு 5,59,000 டாலர் அபராதம் விதித்தது. காப்பாற்ற முடியாத வீடுகளையும் நிலத்தையும் ஆட்களின் பாதுகாப்புக்கு மேலாக வைத்தார்கள் என்பது அதன் மையக் குற்றச்சாட்டு. இரண்டு அறிக்கைகளுமே ரேடியோவை மூல காரணமாக வைக்கவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். கடைசி மூன்று நிமிடத்தில் அரிசோனா 16 வேலை செய்தது. குரல் போய்ச் சேர்ந்தது. அப்போது அது போதவில்லை, அவ்வளவுதான்.

என் கவனம் அதற்கு முந்தைய 33 நிமிடங்களில் இருக்கிறது. அந்த நேரத்தில் குழு ஏன் பேசவில்லை அல்லது பேசியது ஏன் கேட்கவில்லை என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஆனால் அந்த நேரம் அசாதாரணமாகத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணத்தைச் சொல்ல முடியும். ரேடியோ காலையிலிருந்தே நம்பகமாக இல்லாத தீயில், ஒரு குழுவின் குரல் கேட்காமல் இருப்பது யாரையும் உலுக்காது. "டோன் தகராறாக இருக்கும், அப்புறம் கேட்கலாம்" என்று எண்ணிக்கொள்ள இடம் இருக்கிறது. சேனல்கள் சுத்தமாக இருந்து, மணிக்கொரு முறை ஒவ்வொரு குழுவும் பதில் சொல்லிப் பழகியிருந்தால், அரை மணி நேரப் பதிலின்மை உடனே ஒரு தகவலாகும். யாராவது கூப்பிட்டு இருப்பிடம் கேட்டிருப்பார்கள். கோளாறுள்ள ரேடியோ செய்கிற பெரிய சேதம், அது தவறவிடுகிற செய்திகளில் மட்டும் இல்லை. செய்தி வராமல் இருப்பதை எல்லோருக்கும் பழக்கப்படுத்திவிடுகிறது.

இன்னொன்று, எல்லா அவசரங்களும் ஒரே தரை-விமானச் சேனலில் போய்க் குவிந்தன. டிஸ்பாட்ச் எல்லையின் திட்டம் ஒரு தீக்கு ஒரு தரை-விமானச் சேனல் போதும் என்ற கணக்கில் எழுதப்படுகிறது. யார்னெலில் ஒரே தீ இரண்டு மூன்று முகங்களோடு இரண்டு ஊர்களை நோக்கி ஓடியது. வீடு காக்கும் குழுக்கள், ஹாட்ஷாட் குழுக்கள், கட்டுப்பாட்டு அலுவலர்கள் என்று எல்லோருக்கும் விமானத்தோடு பேச வேண்டியிருந்தது. பெரிய தீ என்று முடிவு செய்கிற அந்த நொடியிலேயே இரண்டாவது தரை-விமானச் சேனலைக் கேட்டு வாங்குவது வழக்கமாக வேண்டும். அதற்காகப் பெட்டி எதுவும் பறந்து வர வேண்டியதில்லை. டிஸ்பாட்சரிடம் ஒரு அழைப்பு, பட்டியலில் ஒரு வரி, பிறகு எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு.

எல்லை முறையையே கைவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 140 மைல் கணக்கு அதற்கு இடம் தராது. கோடையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புதிய தீக்கள் கிளம்புகிற நாட்டில், இடத்தை வைத்துச் சேனல் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எல்லையைக் கடக்கும் குழுவுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் திருத்தம் வேண்டும்.

அதில் சில வேலைகள் செலவே இல்லாதவை. பிற மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வரும் குழு பெயர் கொடுத்துப் பதியும் மேசையிலேயே, 205 தாளில் உள்ள ஒவ்வொரு சேனலிலும் ஒரு தடவை பேசிப் பதில் வாங்கிய பிறகே மலையேற வேண்டும். "கேட்கிறதா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் போதாது. ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்த இருவர் பேசிக்கொள்வது எதையும் நிரூபிக்காது. ரிப்பீட்டர் வழியாக டிஸ்பாட்ச் மையத்திடமிருந்து பதில் வர வேண்டும், தரை-விமானச் சேனலில் விமானத்திடமிருந்தோ வேறு முறையில் பதிந்த இன்னொரு குழுவிடமிருந்தோ பதில் வர வேண்டும். புதிய தீயில், குறிப்பாக முதல் ஒரு நாளில், தாக்குதல் சேனல்களிலும் தரை-விமானச் சேனலிலும் பெறும் பக்க டோனை எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. கொஞ்சம் இரைச்சல் கேட்கும், பக்கத்துத் தீயின் பேச்சும் நடுவில் வரும். ஆனால் டோன் தவறிய ஒருவன் உதவி கேட்டால் அது காதில் விழும்.

பிறகு

இருப்பிடம் தெரியாமல் போனதற்கான பதில் சட்டமாகவும் வந்தது. 2019 மார்ச் 12 அன்று கையெழுத்தான டிங்கல் சட்டத்தின் ஒரு பிரிவு, மத்தியத் துறைகள் காட்டுத்தீயில் வேலை செய்யும் குழுக்களின் இருப்பிடத்தை உடனுக்குடன் காட்டும் கருவிகளைக் கொண்டுவர வேண்டும் என்கிறது. அது வரவேற்க வேண்டிய மாற்றம். திரையில் ஒரு புள்ளி நகர்வது தெரிந்திருந்தால் டிசி-10 விமானிக்கு இடம் தெரிந்திருக்கும். குழு மேட்டை விட்டு இறங்கியதை அதற்கு அரை மணி நேரம் முன்பே யாராவது கவனித்திருக்கவும் கூடும்.

ஆனால் புள்ளியால் பேச முடியாது. "ஏன் இறங்குகிறீர்கள், வழியில் புதர் இருக்கிறது, காற்று திரும்பிவிட்டது" என்று சொல்ல இன்னும் ரேடியோதான் வேண்டும். மத்தியத் துறைகளுக்கான அந்தச் சட்டம் மாநில, நகரக் குழுக்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். கிரானைட் மவுண்டன் ஒரு நகரக் குழு, யார்னெல் ஒரு மாநிலத் தீ. அலைவரிசைப் பட்டியல்கள் இன்றும் ஒவ்வொரு டிஸ்பாட்ச் எல்லைக்கும் தனித்தனியாகத் திருத்தப்படுகின்றன, ஒவ்வொரு தீக்காலத்துக்கும் முன்பு புதுப்பிக்கப்படுகின்றன. பழைய பட்டியலோடு வருகிற ஒரு வண்டி எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பதிவு மேசையில் கண்டுபிடிக்க, பேசிப் பார்ப்பதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை.